மலை பஸ் டிரைவருக்கு ஒரு தூக்க மருந்து

கனடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்களிடம் சாக்லேட் கேட்பார்கள், செண்டு கேட்பார்கள், முட்டிவலிக்குத் தைலம் கேட்பார்கள். என் அண்ணன் தூக்கம் கேட்டார்.

"இன்னா பாப்பா, நீ மட்டும் என்னமோ சொட்டு வுட்டுக்கினு தூங்கறேன்னு சொல்றியே, அதுல எனக்கும் ஒண்ணு எடுத்துக்கினு வா" என்றார் போனில். எனக்கு ஐம்பத்தொரு வயது. அவருக்கு இன்னமும் பாப்பாதான்.

அண்ணன் ஏழுமலை கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர். இருபது வருடத்துக்கு மேலாக அதே மலை, அதே வளைவுகள். நான்கு மாதமாக மனிதர் தூங்கவில்லை. இதை அவர் சொல்லவில்லை, அண்ணி சொன்னார். மகளின் பிரசவத்துக்காக அண்ணி போன மாதம்தான் பெங்களூர் போயிருந்தார். "தொட்டில் ஆட்ற எனக்கே ரெண்டு மணி நேரம் தூக்கம் கெடைக்குது. இவரு ராவெல்லாம் ஃபேனப் பாத்துக்கினு கெடக்கறாரு" என்று புலம்பினார். தூங்காத மனிதன் மலையில் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டுகிறான். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.

தூங்காமல் இருப்பது எப்படிப்பட்ட கொடுமை என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டொரண்டோ பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு இராப்பணி. மற்றவர்கள் ஒழுங்காகத் தூங்குகிறார்களா என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம். காலையில் வீட்டுக்கு வந்து படுத்தால் ஜன்னலில் பனி வெளிச்சம், தெருவில் பனி தள்ளும் வண்டி. இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் இந்தச் சொட்டு மருந்தில் வந்து நின்றேன். கஞ்சாக் குடும்பத்துச் செடிதான், ஆனால் போதைக்கு வளர்க்கும் ரகம் இல்லை. போதை தரும் சத்து பேருக்குத்தான் இருக்கும். உடம்பைத் தளர்த்தும் இன்னொரு சத்தை மட்டும் எடுத்து எண்ணெயில் கலந்து தருகிறார்கள். நாக்குக்கு அடியில் நாலு சொட்டு. மண்ணும் புல்லும் கலந்த ஒரு கசப்பு. விளக்கை அணைத்த மாதிரி தூக்கம் வந்துவிடாது. முதலில் தோள்பட்டை இறங்கும், பிறகு தாடை தளரும், அப்புறம் நாளைக்குச் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் தானாக நின்றுவிடும். சில நாள் அதுவும் நிற்காது. எழுந்தால் வாய் காய்ந்து கிடக்கும், தலை கொஞ்சம் மந்தமாக இருக்கும். எனக்குப் பரவாயில்லை, நான் பஸ் ஓட்டுவதில்லை.

அந்தப் புட்டியை விமானத்தில் கொண்டுவர முடியாது. அங்கே கடையில் வாங்கலாம், நாடு தாண்டினால் குற்றம். ஆகவே சென்னையில் இறங்கி, ஒரு ஆயுர்வேத டாக்டரிடம் வீடியோவில் என் தூக்கக் கதையைச் சொல்லி, சீட்டு வாங்கி, இங்கேயே தயாரித்த புட்டி ஒன்றை வரவழைத்தேன். "இது உங்களுக்கு மட்டும்தாம்மா, வேற யாருக்கும் குடுக்கக் கூடாது" என்றார் டாக்டர். நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினேன். யாருக்காக வாங்கினேன் என்பது எனக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரியும்.

முதல் நாள் முழுக்க பஸ். திருச்சி போகிற பஸ்காரர் உளுந்தூர்பேட்டைக்குள் போகாமல் பைபாஸிலேயே என்னையும் பெட்டியையும் இறக்கிவிட்டுப் போய்விட்டார். உச்சி வெயில். லாரிகள் போகிற வேகத்தில் புடவை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கனடாவில் நிறுத்தத்தை விட்டு நாலடி தள்ளி நிறுத்தினால் புகார் எழுதுவேன். இங்கே பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். வழியில் ஒரு கடையில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டேன். சால்னா அருமை. அந்த ஒரு தட்டுக்காக பஸ்காரரைப் பாதி மன்னித்தேன்.

கள்ளக்குறிச்சி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் எலவனாசூர்கோட்டை வருவதற்குள் என் முழுச் சரித்திரத்தையும் வாங்கிவிட்டார். தூக்கம் வராது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். "பால்ல ஜாதிக்கா ஒரசிக் குடிங்க" என்றார் அவர். முன் சீட்டுக்காரர் திரும்பி, "உள்ளங்கால்ல வெளக்கெண்ண தேய்ங்க" என்றார். பின்னாலிருந்து ஒரு குரல், "மொதல்ல செல்போன தூக்கிப் போடச் சொல்லு" என்றது. டொரண்டோவில் பதினான்கு வருடம் ஒரே பஸ்ஸில் போகிறேன், நான் செத்து விழுந்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இங்கே கேட்காமல் விட மாட்டார்கள். இரண்டுமே களைப்புதான்.

அண்ணன்தான் கதவைத் திறந்தார். கண்ணுக்குக் கீழே கறுப்புத் தட்டியிருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எனக்காகக் கத்திரிக்காய்க் காரக்குழம்பு வைத்திருந்தார், அதில் உப்பை இரண்டு தடவை போட்டிருந்தார். புட்டியை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு, அட்டையில் இருந்த பொடி எழுத்தை என்னையே படித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கடைசி வரியில் வந்து மாட்டிக்கொண்டேன். இதை உட்கொண்ட பின் வாகனம் ஓட்டக் கூடாது.

"எத்தினி மணிக்குப் போட்டா எத்தினி மணிக்கு வுடும்?" என்றார்.

"ஆளுக்கு ஆளு மாறும்ண்ணா. எனக்குக் காலைல சரியாயிடும். சில நாள் மத்தியானம் வரைக்கும் ஒரு மாதிரி இருக்கும்."

"மலைமேலயே நைட் ஹால்ட் போட்டு காலைல அஞ்சு மணிக்கு வண்டி எடுக்கணும் பாப்பா. ஒரு மாதிரி இருந்தா அந்த வளைவுல இன்னா பண்றது?"

"ரெண்டு நாள் லீவு போட்டுட்டு குடிச்சுப் பாரேன்."

"லீவு போட்டா மலைக்கு வண்டி போவாது. வேற ஆளு யாரும் அந்த லைனுக்கு வர மாட்டான்" என்று புட்டியை என்னிடமே திருப்பித் தந்தார். எனக்கு வந்ததே கோபம்! இதற்காகவா இத்தனை கடல் தாண்டி வந்தேன்? சண்டை போடத் தெம்பில்லை. நாலு சொட்டு நாக்கடியில் விட்டுக்கொண்டு படுத்தேன். பக்கத்து அறையில் அவர் புரண்டு படுப்பது கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு எப்படியோ தூங்கிவிட்டேன்.

மறுநாள் மாலை அவருக்கு மலை டூட்டி. "நீயும் வா, காத்து மாறும்" என்றார். காற்று மாற வேண்டியது அவருக்கு. ஆனாலும் ஏறினேன். தனியாக அனுப்ப மனம் வரவில்லை.

கண்டக்டர் சாதிக் என்னை டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார வைத்தார். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் அவர் அப்பாவுக்குச் செருப்புக்கடை. மனுஷர் எல்லோரையும் பெயர் சொல்லி ஏற்றுகிறார். ரேஷன் மூட்டை, உர மூட்டை, ஒரு தையல் மிஷின், இரண்டு ஆட்டுக்குட்டி எல்லாம் ஏறின. கோமுகி அணை தாண்டியதும் அடிவாரத்தில் சோதனைச் சாவடி. சாராயமும் கஞ்சாவும் தேடி ஒவ்வொரு பையாகத் துழாவுகிறார்கள். ஒரு போலீஸ்காரர் என் கைப்பையிலிருந்து புட்டியை எடுத்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"தூக்கத்துக்கு மருந்துங்க. ஆயுர்வேத எண்ணெய்."

"யாருக்கு?"

"எனக்குத்தாங்க" என்று சீட்டை நீட்டினேன். அவர் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். படிக்கப் படிக்கப் புருவம் ஏறியது. "கஞ்சா எலைன்னு போட்டுக்கீதே?" என்றார். முன்வரிசைப் பெண்கள் திரும்பினார்கள். அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. அரசு முத்திரை, டாக்டர் கையெழுத்து, என் பாஸ்போர்ட் எல்லாவற்றையும் காட்டினேன். அவர் இறங்கிப் போய் யாரிடமோ போனில் பேசினார். பஸ் முழுக்க எனக்காகக் காத்திருந்தது. திரும்பி வந்தவர் புட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நெஜமா தூக்கம் வருதாம்மா? எனக்கு நைட் டூட்டி முடிச்சுட்டுப் போனா பகல்ல கண்ணே மூட மாட்டேங்குது" என்றார். நானும் அதே ஜாதிதான் என்றேன். விசில் கொடுக்கச் சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டார்.

வண்டி ஏறத் தொடங்கியதும் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, "என் வேலைக்கே உலை வெச்சுடுவ போலக்கீதே" என்றார். பின்னால் "இன்னாவாம்?" "ஃபாரின் ஆயுர்வேத எண்ணெயாம்" என்று செய்தி சீட் சீட்டாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் மஃப்ளர் கட்டிய ஒருவர் எழுந்து முன்னால் வந்து, டிரைவர் பக்கத்தில் என்ஜின் மேல் இருக்கும் பானெட்டில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். மரவள்ளிக்கிழங்கில் பூச்சி. மச்சினன் வாங்கிய பைக். பைக்கின் ஹாரன். மச்சினனின் மாமனார். அவர் தலைக்கு நேர் மேலே, ஓட்டுநருடன் பேசாதீர்கள் என்று எழுதியிருக்கிறது. மனிதர் மூச்சு விடவில்லை. நடுவில், "இன்னா அண்ணா நான் சொல்றது, சரிதானே?" என்று அண்ணனிடம் பதிலும் கேட்டு வாங்கினார். கொண்டை ஊசி வளைவு ஒன்று வந்தது. பக்கத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் ஆகாயம். என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏங்க, வளைவு வருதுல்ல, கொஞ்சம் பேசாம வாங்களேன்" என்றேன்.

பஸ்ஸே என்னைப் பார்த்தது. நான் ஏதோ கோயிலில் செருப்போடு நுழைந்துவிட்ட மாதிரி. "பேசட்டும்க்கா, வுடுங்க" என்றார் சாதிக். மஃப்ளர்காரர் வாயை மூடிக்கொண்டார். இரண்டு வளைவுதான். மூன்றாவது சீட்டில் இருந்த ஒரு பெண், "அண்ணா! உங்க பேத்திக்கு பேரு வெச்சுட்டீங்களா? இன்னா பேரு? யாரு வெச்சது? ஏன் அந்தப் பேரு?" என்று அங்கிருந்தே கத்த ஆரம்பித்தாள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை இரைச்சலில் நாள் முழுக்க ஓட்டினால் எவனுக்குத்தான் தூக்கம் வரும் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணனின் நோய்க்குக் காரணம் தெரிந்துவிட்டது என்றே நம்பினேன்.

கரியாலூர், வெள்ளிமலை எல்லாம் தாண்டி ஒரு சின்ன ஊரில் பஸ் படுத்துக்கொள்கிறது. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை, அவர்களுக்கு வம்பு வரும். இரவு தங்கும் பஸ்ஸின் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சோறு போடுகிறார்கள். அன்றைக்கு முறை, பேத்தியின் பெயரைக் கேட்டுக் கத்திய அதே பெண்ணுக்கு. பெயர் அலமேலு. நாற்பது வயது இருக்கும். சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். ஆவி பறக்கும் சாமையில் குழம்பை ஊற்றிப் பிசைந்தபோது இரண்டு நாள் களைப்பும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. அண்ணன் தட்டில் பாதி அப்படியே இருந்தது. "சாப்புடுங்கண்ணா, ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்" என்று அவள் அதட்டினாள்.

அண்ணனும் சாதிக்கும் பஸ்ஸில் படுக்கப் போனார்கள். எனக்கு வீட்டுக்குள் பாய். சொட்டை விட்டுக்கொண்டு, புட்டியை ஜன்னல் மாடத்தில் வைத்தேன். மலைக் குளிரோ, மருந்தோ, சாமைச் சோறோ, தெரியவில்லை. அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.

விழித்தபோது ஏழு மணி. பஸ் ஐந்துக்கே போய்விட்டிருந்தது. "தூங்கறவங்கள எழுப்ப வேணாம்னு டிரைவர் அண்ணா சொன்னாரு. பதினோரு மணிக்குத் திரும்பி வருவாரு" என்றாள் அலமேலு. மாடத்தைப் பார்த்தேன். புட்டி இல்லை.

"அந்தத் தைலமா? இதோ" என்று முற்றத்திலிருந்து எடுத்துவந்து தந்தாள். அடியில் ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. "எங்க வூட்டுக்காரருக்கு முட்டி வலி. பக்கத்து வூட்டு மாமாவுக்குத் தோளு. எதிர் வூட்டுலயும் கேட்டாங்க, இல்லன்னா சொல்ல முடியும்? ஃபாரின்லருந்து வர்றவங்க தைலம் எடுத்தாந்து எல்லாருக்கும் தேய்க்கக் குடுக்கறதுதானே. ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. எரியவே இல்லம்மா. உங்கள ஏமாத்திட்டாங்க, டூப்ளிகேட்டு."

இரண்டு வாரம் வர வேண்டிய மருந்து ஊராரின் முட்டியில் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தப்பு என் பேரில்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவள் ஒரு சின்னப் புட்டியைக் கண்ணில் படும்படி வைத்தால் அது தைலமாகத்தான் இருக்க வேண்டும்.

"அது தைலம் இல்ல அலமேலு. தூக்க மருந்து. எங்க அண்ணனுக்காக வாங்கினேன். நாலு மாசமா தூங்கலயாம்."

அலமேலு முகம் மாறியது. கையிலிருந்த முறத்தை அப்படியே கீழே வைத்தாள். "டிரைவர் அண்ணாவுக்கா? தூங்கறதுக்கா? ஐயையோ, நல்ல வேள தேச்சுத் தீத்தோம்! அவரு தூங்கிடக் கூடாதுன்னுதானேம்மா நாங்க ஊரே கெடந்து பாடுபட்றோம்!"

எனக்குப் புரியவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன்.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு விடிகாலை. அலமேலு முன் சீட்டில் கடுக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடியில் பார்க்கிறாள், டிரைவரின் தலை மெதுவாகச் சாய்கிறது. எதிரே வளைவு. "அண்ணா, என் கூட வுழுந்துடுச்சு!" என்று கத்தினாள். அவர் திடுக்கிட்டு பிரேக் அடித்தார். கூடை அவள் மடியிலேயேதான் இருந்தது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மாலை ஊர்க்காரர்கள் கூடினார்கள். சோறு போட முறை இருக்கிற மாதிரி, பேசவும் ஒரு முறை வைத்தார்கள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு வீடு. அந்த வீட்டு ஆள் பானெட்டில் உட்கார்ந்து மலை முடியும் வரை பேச வேண்டும், நடுவில் கேள்வி கேட்டுப் பதில் வாங்க வேண்டும். சாதிக்குக்கும் தெரியும்.

"பேசறதுக்கு ஒண்ணுமே கெடைக்கலன்னா என்னம்மா பண்றது? போன வாரம் எங்க வூட்டுக்காரரு எங்க கல்யாணத்துல யாரு யாரு இன்னா மொய் வெச்சாங்கன்னு சொல்லிக்கினே போனாரு" என்றாள்.

"அறிவு இருக்கா உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். "தூங்கிடுவார்னு தெரிஞ்சும் பிள்ளைங்கள தூக்கிக்கிட்டு ஏர்றீங்களா? டிப்போல சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா அவர எடுத்துடுவாங்க. அப்புறம் வண்டியும் வராது." அவளுக்கும் குரல் ஏறியது. "இவருக்கு முன்ன இருந்தவரு மலைக்கு வர மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போய்ட்டாரு. ஒரு மழக்காலம் முழுக்க பஸ்சு கெடையாது. எங்க நாத்தனார வயித்து வலியோட தோள்ல தூக்கிக்கினு வெள்ளிமலைக்கு நடந்தோம். இவரு ஒருத்தருதாம்மா எந்த மழையிலயும் வர்றாரு. அவரப் போயி எப்படி காட்டிக் குடுக்கறது?"

போனை எடுத்தேன், சிக்னல் இல்லை. மணி ஏழரை. அண்ணன் அந்த நேரத்தில் கீழே எங்கேயோ ஏதோ ஒரு வளைவில் இருக்கிறார். நான் பெட்டியில் போட்டு எடுத்துவந்த மருந்தை அவர் குடித்திருந்தால்? லீவு போடு, குடி என்று கோபப்பட்டது நான்தானே? பஸ் நிற்கும் இடத்தில் போய் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன். யாரோ டீ கொடுத்தார்கள், குடித்தேனா என்று நினைவில்லை. பதினான்கு வருடம் இராப்பணி பார்த்திருக்கிறேன், அந்த நாலு மணி நேரம் மாதிரி ஒரு நேரத்தைக் கழித்ததில்லை. மலைப்பாதையில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றேன்.

பதினொன்று இருபதுக்கு ஹாரன் கேட்டது. பானெட்டில் ஒரு பெண் உட்கார்ந்து தன் மாமியாரைப் பற்றிக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே வந்து இறங்கினாள். அண்ணன் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். பின்னாலேயே போனேன்.

"ண்ணா, அவங்களுக்குத் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"அன்னிக்குக் கூடை வுழுவல. நீ தூங்கிட்ட. உன்ன எழுப்பத்தான் அலமேலு கத்தினா. அன்னிலேர்ந்து முறை வெச்சுப் பேசிக்கிட்டு வர்றாங்க."

குழாயை மூடாமல் அப்படியே நின்றார். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. நான்தான் மூடினேன். குழாயடித் திட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுக்கினு இருந்தேன் பாப்பா" என்றார். "கண்ண மூடனா அந்த வளைவுதான் வருது. மறுபடியும் தூங்கிடுவேனோன்னு படுக்கவே பயமா கீது. வூட்டுல படுத்தாக்கூட கை ஸ்டீரிங்க தேடுது. அதுக்குத்தான் உன்கிட்ட மருந்து கேட்டேன். கேட்டுட்டு அதுக்கும் பயந்தேன்." பிறகு, "தெரிஞ்சேவா ஏறனாங்க? கொழந்தைங்கள தூக்கிக்கினு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, ஐம்பத்தேழு வயது ஆள், ஈர முகத்தோடு விம்மி விம்மி அழுதார். நானும் அழுதேன். மறைப்பானேன்.

ஊருக்கு மேலே ஒரு புளியமரத்து மேட்டில் மட்டும் சிக்னல் கிடைக்கும். அண்ணன் தனியாக ஏறிப் போனார். காற்றில் அவர் குரல் கீழே வரை கேட்டது. "சார், ஏழுமலை பேசறேன். என்னால வண்டிய எறக்க முடியாது. இல்ல சார், வண்டி நல்லாக் கீது. நான்தான் நல்லா இல்ல. நாலு மாசமா தூக்கம் இல்ல சார். ஒருவாட்டி ஓட்டும்போதே தூங்கிட்டேன். ஆமா சார். ஆளு அனுப்புங்க." அந்தப் பக்கம் யாரோ சத்தம் போட்டது அவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்ததில் தெரிந்தது. ஆனால் இறங்கி வந்தபோது நடை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

பஸ்ஸுக்கு வந்தவர்கள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து காத்திருந்தார்கள். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அலமேலு மட்டும் என்னிடம் வந்து, "நல்லா இருந்த வண்டிய கெடுத்துட்டீங்களேம்மா" என்றாள். ஆமாம் என்றுதான் சொன்னேன். வேறு டிரைவர் நாளைக்கும் வருவாரா, அடுத்த வாரம் வருவாரா என்று எனக்கு என்ன தெரியும்? டிப்போவில் போய் உட்கார்ந்து கேட்பேன் என்று மட்டும் சொன்னேன். அண்ணனைத் தூக்க நோய் பார்க்கும் ஒரு நல்ல டாக்டரிடம் காட்டி, அவர் பேரிலேயே சீட்டு வாங்க வேண்டும் என்றும் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு ஒரு இளவயது டிரைவர் ஜீப்பில் வந்து இறங்கினார். மலையைப் பார்த்தே பாதி பயந்திருந்தார். அண்ணன் அவருக்கு கிளட்ச் எங்கே உதைக்கும், எந்த வளைவில் முன்கூட்டியே ஹாரன் அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தார். பயணி சீட் அவருக்கே புதிது போல, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"பாப்பா, இப்ப குடு அந்தச் சொட்ட. இனிமே நான்தான் ஓட்டலையே."

புட்டியை எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன்.

"எங்க போச்சு?"

"ஊர்க்காரங்க முட்டிக்குப் போச்சு. தைலம்னு தேச்சுட்டாங்க. எரியவே இல்லியாம். டூப்ளிகேட்டாம்."

அண்ணன் என்னைப் பார்த்தார், புட்டியைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். நான்கு மாதத்தில் முதல் சிரிப்பாக இருக்கும். சிரித்துக்கொண்டே தலையை என் தோளில் சாய்த்தார். இரண்டாவது வளைவு வருவதற்குள் சிரிப்பு நின்றிருந்தது, வாய் மட்டும் திறந்தே இருந்தது, மெல்லிய குறட்டை வந்தது. கை மடியிலிருந்து நழுவி சீட்டில் விழுந்தது. அதை அவர் திரும்ப எடுக்கவில்லை.

அன்றைய நடைக்கு முறை அலமேலு வீட்டுக்கு. பழக்க தோஷம், அவள் கூடையோடு போய்ப் பானெட்டில் ஏறி உட்கார்ந்து, "தம்பி, எந்த ஊரு? கல்யாணம் ஆயிடுச்சா? இன்னா, இன்னும் ஆவலியா?" என்று உரக்க ஆரம்பித்தாள்.

"ஏ அலமேலு, வாய மூடு" என்றார் மஃப்ளர்காரர் அடிக்குரலில். "டிரைவரு தூங்கறாரு."

புது டிரைவர் பதறிப்போய், "யாரு? நான் முழிச்சுக்கினுதாங்க கீறேன்!" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மூன்றாவது சீட்டைப் பார்த்தார்கள். அழுத குழந்தையை ஒருத்தி மாராப்புக்குள் இழுத்துக்கொண்டாள். போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர் அதை அணைத்துப் பையில் போட்டார். சாதிக் தன் விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நடந்து முன்னால் போய், புது டிரைவரின் தோளைத் தொட்டு, நிறுத்து, எடு என்று விரலால் சொன்னார். மலை இறங்கிக் கச்சிராயபாளையம் வரும் வரை அந்த பஸ்ஸில் ஒரு விசில் கேட்கவில்லை.